இடித்தது ஒருக்கா, குற்றம் இரண்டு

போன மாதம் தம்பியோடு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். நிலாவெளி வீதியில் திரும்பும்போது அவனுடைய ஆட்டோ ஒரு சைக்கிளைத் தட்டி, அதில் வந்த ஐயாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிழை தம்பியுடையதுதான், கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினான். ஐயாவை அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பொலிஸுக்குச் சொன்னதும் அவன்தான்.

கூண்டில் ஏறியதும் இரண்டு குற்றச்சாட்டு வாசித்தார்கள். கவனயீனமாக வாகனம் செலுத்தியது ஒன்று, விபத்தைத் தவிர்க்கத் தவறியது மற்றது. இரண்டுக்கும் "ஓம்" என்றான். இரண்டுக்கும் தனித்தனியாகத் தண்டப்பணம். வெளியே மரநிழலில் பற்றுச்சீட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ஒருக்காத்தானே இடிச்சனான்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

"ஒரே குற்றத்துக்கு இரண்டு தரம் விசாரிக்க ஏலாதே" என்று பலர் சொல்கிறார்கள். அது வேறு. இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவு, முடிந்த வழக்கைத் திரும்பத் தொடங்குவதைத் தடுக்கிறது. தம்பிக்கு நடந்ததோ ஒரே வழக்கு. அங்கே பார்க்கவேண்டியது 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள 67ஆம் பிரிவு. அதில் ஓர் உதாரணம் இருக்கிறது: ஒருவன் இன்னொருவனுக்குத் தடியால் 50 அடி போடுகிறான். அடிக்கு ஒரு வருடமென்று கணக்குப் பார்த்தால் 50 வருடச் சிறை. அப்படி இல்லை, மொத்த அடிக்கும் ஒரே தண்டனைதான். ஆனால் இடையில் புகுந்த ஆளையும் வேண்டுமென்றே அடித்தால் அது தனிக் குற்றம்.

எவ்வளவு நியாயமான கணக்கு! ஐயாவை வீதியில் விட்டுவிட்டுத் தம்பி ஓடியிருந்தால், அதற்கென்று தனியாகத் தண்டித்திருக்கட்டும், நானே சரியென்று சொல்லியிருப்பேன். இங்கே கண்ணாடி பார்க்காததை எடுத்துவிட்டால் இரண்டாவது குற்றச்சாட்டில் என்ன மிஞ்சுகிறது?

அப்புறம், 67ஆம் பிரிவு கட்டுப்படுத்துவது தண்டனையை மட்டும்தான். குற்றவாளி என்று இரண்டு தரம் பதிவதை அது தடுப்பதில்லை. தம்பி கட்டாருக்குப் போக இருக்கிறான். பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். பதிவைப் பார்க்கிறவருக்கு அவன் இரண்டு தரம் தவறு செய்தவனாகத்தான் தெரிவான். ஒரு செயலுக்கு இரண்டு பெயர் இருந்தால், ஒன்றை மாற்றுக் குற்றச்சாட்டாக, அதாவது 'இது அல்லது அது' என்று வைத்து, ஒன்றில் மட்டும் குற்றவாளியாக்கினால் போதாதா? "ஓம்" சொல்வதற்கு முன் லோயர்மார் இதை விளங்கப்படுத்தவும் வேண்டும்.

அன்றைக்கு 67ஐ ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. பின்வரிசை வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.