அந்த வீட்டுக்குள் கேமரா போகவில்லை

'இலோ இலோ' படத்தை நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். அந்தோணி சென் இயக்கி, 2013இல் கான் திரைப்பட விழாவில், இயக்குநரின் முதல் படத்துக்குத் தரப்படும் கேமரா தோர் விருது வாங்கிய படம். 1997 நிதி நெருக்கடியின்போது சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் பிலிப்பீன்சிலிருந்து பணிப்பெண்ணாக வரும் டெர்ரிக்கும் அந்த வீட்டுச் சிறுவனுக்கும் உண்டாகும் ஒட்டுதல்தான் கதை. விருது கிடைத்தபோது 'நம் சிங்கப்பூர்ப் படம்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இந்த முறை உறுத்தியது அதன் சீனத் தலைப்பு. 'அப்பாவும் அம்மாவும் வீட்டில் இல்லை' என்று பொருள். வேலை வேலை என்று ஓடும் சிங்கப்பூர்ப் பெற்றோரைச் சொல்கிறதாம். ஆனால் டெர்ரியும் ஒரு கைக்குழந்தையை ஊரில் உடன்பிறந்தவளிடம் விட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறாள்? அந்தத் தலைப்பு அந்தக் குழந்தைக்கல்லவா அச்சாகப் பொருந்துகிறது! அந்தக் குழந்தையின் வீட்டுக்குள் கேமரா ஒருமுறைகூடப் போகவில்லை. இயக்குநரைக் குறை சொல்ல மாட்டேன். தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் நினைவில், சிறுவனின் கண்ணால் எடுத்த படம் அது. சிறுவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வளர்ந்த நாமும் அத்தோடு நிறுத்திக்கொண்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த வீட்டுக்குள் போன படம் 'அனாக்'. ரோரி குயின்டோஸ் இயக்கத்தில் 2000இல் பிலிப்பீன்சில் வெளிவந்தது. தகாலோக் மொழியில் 'அனாக்' என்றால் பிள்ளை. ஹாங்காங்கில் பல ஆண்டுகள் வீட்டுவேலை செய்துவிட்டுப் பரிசுப்பொருள்களோடு திரும்பும் தாயாக வில்மா சாந்தோஸ் நடித்திருக்கிறார். கடைக்குட்டிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மூத்த மகளோ, அப்பாவின் சாவுக்குக்கூட வராதவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

'அழுகைப் படம்' என்று என் நண்பர்கள் சிலர் இதை ஒதுக்குவார்கள். ஆமாம், வாய்விட்டு அழும் படம்தான். நீ பிடிக்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும், நான் சாப்பிடாமல் மிச்சம் பிடித்ததை நினைத்துப் பார் என்று தாய் வெடிக்கும் காட்சியை இன்னும் அடக்கி எடுத்திருக்கலாம் என்பவர்கள், வயிற்றைக் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டார்கள். அதே சமயம் மகளின் கோபமும் பொய்யில்லை என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். 1988இல் பிலிப்பீன்ஸ் அதிபர் கொராசோன் அக்கினோ ஹாங்காங் பணிப்பெண்களிடம் 'நீங்கள்தான் நாட்டின் புதிய நாயகர்கள்' என்று பேசினார். அந்தப் பட்டம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நாயகி என்று சொல்லிவிட்டால் அவள் புலம்ப முடியாதல்லவா? அரசாங்கத்துக்கு வசதிதான்.

அந்தப் பட்டத்தின் சாயம் வெளுத்த நாள் 1995 மார்ச் 17. ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பீன்ஸ் பணிப்பெண் கொலைக்குற்றத்துக்காக இதே சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவர் நிரபராதி என்று நம்பிய பிலிப்பீன்ஸ் மக்கள் கொதித்துப்போய்த் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டில் வெளிநாட்டில் வேலை செய்யும் தன் மக்களுக்கென பிலிப்பீன்சில் ஒரு சட்டமும் வந்தது; நோரா அவுனோர் நடிப்பில் ஃபுளோரைப் பற்றிய படமும் வந்தது.

'சண்டே பியூட்டி குயின்' என்ற 2016ஆம் ஆண்டு ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்கள். ஹாங்காங் பணிப்பெண்கள் ஞாயிற்றுக்கிழமையில் அழகிப் போட்டி நடத்துகிறார்கள். கிரீடம் சூடியவளும் இரவுக்குள் முதலாளி வீடு திரும்பியாக வேண்டும். அங்கேயே தங்க வேண்டும் என்பது அவ்வூர் விதி.

மறுபடியும் 'இலோ இலோ'வுக்கு வருகிறேன். டெர்ரி வந்ததும் வீட்டுக்கார அம்மா அவளுடைய கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கி வைத்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணின் கடப்பிதழும் அம்மாவின் இரும்பு அலமாரியில், நகைப்பெட்டிக்குக் கீழே இருந்தது. தவறென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அவரை 'ஆன்ட்டி' என்று கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் லக்கி பிளாசா கடைத்தொகுதிக்கு அழைத்துப் போனார். ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிக்காக மாதக்கணக்கில் சோப்பு, துண்டு, டின் இறைச்சி என்று சேர்த்துக்கொண்டிருந்தார். காலணிக் கடையில் என்னை உட்காரவைத்து, ஒரு நீலக் காலணியை என் காலில் மாட்டி, கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்தார். எனக்குத்தான் வாங்குகிறார் என்று நினைத்து எழுந்து நடந்துகூடக் காட்டினேன். அவருடைய மகனுக்கும் பத்து வயதாம். பெட்டி கப்பலில் போய்ச் சேர நாளாகும், அதற்குள் வளர்ந்துவிடுவான் என்று கடைக்காரரிடம் ஓர் அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினார்.