'அந்தப் பக்கம் போனா குறி மாறும்' என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

கணக்கு சொல்லிக்கொடுக்கிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆசிரியர், டியூஷன் எடுப்பவர், வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லித்தரும் அப்பா அம்மா எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆகும், பெருக்கல் வகுத்தல் ஆகும்' என்ற குறுக்குவழியை ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வருடமாவது பொறுங்கள். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவன் நான். அந்த ஒரு வரி செய்கிற வேலையை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன்.

−3எக்ஸ் = 12 என்று போர்டில் எழுதினால், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பையனே எக்ஸ் = 4 என்கிறான். எப்படிப்பா என்று கேட்டால், "3 அந்தப் பக்கம் போச்சு சார், வகுத்தல் ஆச்சு, குறியும் மாறிடுச்சு" என்கிறான். சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே செய்திருக்கிறான், அதுதான் எனக்கு வருத்தம். எண் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் சமம், இரண்டையும் −3ஆல் வகுக்கிறோம், வகுத்த பிறகும் சமம், எக்ஸ் = −4. இதை ஒரு வரி கூடுதலாக எழுத வைத்தால் கணக்குக்கு அரை நிமிடம் அதிகமாகும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் கல்லூரி வரைக்கும் இழுத்துக்கொண்டு வருகிறோம்.

வேர் இன்னும் கீழே இருக்கிறது. அஞ்சாவது படிக்கிற பிள்ளையிடம் 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நிறைய பேர் கட்டத்துக்குள் 12 என்று போடுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். 7 என்று வருவது அபூர்வம். ஏனென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே = என்ற குறிக்குப் பின்னால் விடைதான் வந்திருக்கிறது, கால்குலேட்டரில் அந்தப் பட்டனை அமுக்கினாலும் விடைதான் வருகிறது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியைக் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான வேறு எதுவும் இருக்க முடியாது என்று காரணம் சொல்லித்தான் கொண்டுவந்தார். தொடக்கப்பள்ளியில் அவ்வப்போது 7 = 3 + 4 என்றும் 5 + 2 = 4 + 3 என்றும் எழுதிக் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பயிற்சி முகாமும் வேண்டாம், புதுப் புத்தகமும் வேண்டாம்.

அப்புறம் அந்த ஆப்பிள், வாழைப்பழம். 3ஏ + 2பி என்றால் மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம் என்று சொல்லித் தொடங்குகிறோம். அன்றைக்கு வகுப்பு சுலபமாக ஓடிவிடும். அடுத்த வாரம் ஏபி என்று வரும்போது ஆப்பிளை வாழைப்பழத்தால் பெருக்குவதா? எழுத்து பொருளைக் குறிக்கவில்லை, எண்ணைக் குறிக்கிறது. இது பிடிபடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்ட ஒரு கேள்வி பிரபலம், 1981இல் ஆய்வாக வெளிவந்தது. பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி, சமன்பாடு எழுது என்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவறு. எழுத வேண்டியது எஸ் = 6பி, பெரும்பாலானவர்கள் எழுதிய தவறு ஒன்றேதான்: 6எஸ் = பி. எஸ் என்பதை 'மாணவர்' என்றே படித்துவிட்டார்கள். என் வகுப்பில் கேட்டாலும் இதேதான்.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிற வர்க்கப் பூர்த்தி முறைக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் 'எக்ஸின் கெழுவில் பாதியை எடு, வர்க்கப்படுத்து, இரண்டு பக்கமும் கூட்டு' என்று மனப்பாடம். ஏன் பாதி, ஏன் வர்க்கம் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் கிடைப்பதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி இதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறார். எக்ஸ்² + 10எக்ஸ் = 39 என்பது அவருடைய கணக்கு. ஒரு சதுரத் தாளை வையுங்கள், பக்கம் எக்ஸ். 10எக்ஸை இரண்டாகப் பிரித்து, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளாகச் சதுரத்தின் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று ஒட்டுங்கள். இதுவரை பரப்பு 39. மூலையில் 5க்கு 5 ஒரு இடம் காலியாக இருக்கும். அந்த 25ஐ வைத்தால் பெரிய சதுரம் முழுமையாகிவிடும், பரப்பு 64, பக்கம் 8, எக்ஸ் 3. முடிந்தது. பாதி எங்கிருந்து வந்தது, வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை தானே சொல்லும். (ஏ + பி)² = ஏ² + பி² என்று எழுதுகிறார்களே, அதற்கும் இந்தத் தாள்தான் மருந்து, இரண்டு பட்டைகளை விட்டுவிட்டது கண்ணுக்கே தெரியும். −13 என்ற இன்னொரு விடை மட்டும் இந்தப் படத்தில் வராது, அல் குவாரிஸ்மியும் எதிர்ம விடைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அவருக்கு இருநூறு வருடம் முன்னால், 628இலேயே, பிரம்மகுப்தர் எதிர்ம எண்களைக் கடனாக வைத்து அவற்றுக்கு விதி எழுதியிருக்கிறார் என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லலாம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மார்க், செய்முறை வடிவியலுக்கு 8 மார்க், மெல்லக் கற்கும் மாணவருக்கென்று தனி மெட்டீரியல், தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். வரைபடக் கேள்வி என்றால், அட்டவணை போடு, புள்ளி வை, இரண்டு சமன்பாட்டையும் கழி, வருகிற நேர்கோட்டை வரை, வெட்டும் இடத்தை எழுது. 8 மார்க் வந்துவிடும். ஏன் கழித்தோம் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

அது எங்களிடம் வந்து சேருகிறது. ஐகன் மதிப்பு கணக்கில் (ஓர் அணிக்குரிய சிறப்பு எண்களைக் கண்டுபிடிப்பது, அந்த எண்ணைத்தான் லாம்டா என்று எழுதுவோம்) லாம்டா³ − 18லாம்டா² + 45லாம்டா = 0 என்று வரை சரியாக வருவார்கள், அப்புறம் எல்லா உறுப்பிலும் லாம்டா இருக்கிறதே என்று வகுத்துத் தள்ளிவிட்டு 3, 15 என்று இரண்டு விடையோடு நிற்பார்கள். மூன்றாவது மதிப்பு 0, அதைத்தான் வகுத்துத் தொலைத்தார்கள். பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கலாமா என்ற கேள்வி வந்திருக்க வேண்டிய இடம் எட்டாம் வகுப்பு. பி.எஸ்சி. கணிதத்திலும் நிலைமை வேறு இல்லை. குலம் (group) என்ற கணித அமைப்பின் வரையறை, அதைப் பற்றிய லாக்ராஞ்சி தேற்றத்தின் நிரூபணம் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார்கள், ஒரு சதுரத்தைக் கால் கால் சுற்றாகத் திருப்புவதும் ஒரு குலம்தான், அதற்கு அட்டவணை போடு என்றால் தடுமாறுவார்கள்.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்: கண்டுபிடித்த விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுச் சரிபார்த்திருந்தால் அதற்கு ஒரு மார்க், எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எல்லா இயற்கணிதக் கேள்விக்கும். அந்த ஒரு மார்க்குக்காகவாவது பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள், எக்ஸ் = 4 என்று போட்டு −12 வந்ததும் எங்கே தப்பு என்று அவர்களே தேடுவார்கள்.