ஹெட்டர் ஃபைலுக்குள் டெலிவரி கணக்கு எழுதிவிட்டுப் போனவருக்கு

வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் ஓடும் ஒரு கடையின் சைட்டில், லோகோவும் மெனுவும் காட்டுவதற்காக இருக்கிற ஹெட்டர் ஃபைலுக்குள், பின்கோடு வாரியாக டெலிவரி கட்டணம் கணக்குப் போடும் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல் மொழி) கோடு எதற்கு? யாராவது எனக்கு விளக்குங்கள். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கேட்கிறேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இரவு பத்தரைக்கு ஃபோன் வந்தது. முறுக்கு, அதிரசம் விற்கிற சின்னக் கடை. "தம்பி, சைட்டைத் திறந்தா எரர்னு ஒரு வரி மட்டும்தான் வருது, சாயங்காலத்துல இருந்து ஒரு ஆர்டர்கூட இல்ல" என்கிறார் அண்ணாச்சி. வருஷம் முழுக்க அவர் காத்திருக்கிற பத்து நாள் இதுதான். உள்ளே போய்ப் பார்த்தால், சைட்டை வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனியில் பிஎச்பியை 7.4-ஆம் பதிப்பிலிருந்து 8-க்கு மாற்றியிருக்கிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. உடைந்தது எங்கே என்றால், சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற தீமின் ஹெட்டர் ஃபைலில், யாரோ கிரியேட் ஃபங்ஷன் என்கிற பழைய பிஎச்பி கட்டளையை எழுதி வைத்திருந்த இடத்தில். 2017-இல் வந்த பிஎச்பி 7.2-லேயே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள், 8-இல் எடுத்தே விட்டார்கள். ஹெட்டர் எல்லாப் பக்கத்திலும் வருவதால் கடை மொத்தமும் படுத்துவிட்டது.

சரி, அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தால், அதைச் சுற்றி எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், 'எங்களைப் பற்றி' பக்கமாக இருந்தாலும்கூட, டெலிவரி டேபிள் முழுவதையும் டேட்டாபேஸிலிருந்து இழுத்து லூப் ஓட்டுகிறது. சைட் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று அண்ணாச்சி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம், பெரிய ஹோஸ்டிங் பிளானுக்கு மாறுங்கள் என்று சொல்லிப் பணம் கட்ட வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, யூஆர்எல்லில் வருகிற பின்கோடை எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே, டேட்டாபேஸிடம் கேட்கிற எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டியிருக்கிறார் இதை எழுதியவர். பின்கோடு இடத்தில் வேறு எதையாவது எழுதி வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி எல்லாவற்றையும் எவன் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். இதைத் தடுக்கத்தானே, வெளியிலிருந்து வருவதைக் கட்டளையாக அல்லாமல் வெறும் மதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள, வேர்ட்பிரஸில் பிரிப்பேர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்? ஒரே ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தைக் காட்டுகிற டெம்ப்ளேட் ஃபைலில் பிஎச்பியே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி, அந்த வருஷமே பக்கத்தை வடிவமைக்கிற எச்டிஎம்எல்லுக்கு நடுவில் எழுதுகிற மொழியாகிவிட்டது, வேர்ட்பிரஸ் தீம் முழுக்க அதுதான். பொருள் இருக்கிறதா என்று ஓர் இஃப், பட்டியலைக் காட்ட ஒரு லூப், தலைப்பைக் காட்ட ஒரு எக்கோ, இதெல்லாம் காட்டுகிற வேலை. கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு, ஸ்டாக் இருக்கிறதா என்பதெல்லாம் கடையின் வேலை. அதைத் தீமுக்குள் போட்டால் தீம் மாற்றுகிற அன்றைக்குக் கடையும் சேர்ந்து போய்விடும்.

தீம் அப்டேட் செய்தாலும் இதே கதிதான், அதனால் அண்ணாச்சியிடம் "அப்டேட் பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்டேட் செய்தால் புது ஃபைல் பழையதன் மேல் விழுந்து ஹெட்டரில் கை வைத்தவர் எழுதியதெல்லாம் அழிந்துவிடும், அந்தப் பயம். அந்த மனிதர் மூன்று வருஷமாகத் தொடவே இல்லை! மூன்று வருஷப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் உள்ளே வரவில்லை. மாற்றங்களை அசல் தீமுக்கு வெளியே தனியாக வைக்கிற சைல்ட் தீம் போடப் பத்து நிமிஷம் ஆகும், ஒரு ஃபோல்டர், ஒரு ஸ்டைல் ஃபைல், அதில் தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர். டெலிவரி கணக்கைத் தனி ப்ளக்இன்னாக (வேர்ட்பிரஸோடு சேர்க்கிற துணை நிரல்) வைப்பது அதைவிடச் சுலபம், ஃபைலின் தலையில் கமென்ட்டாக ப்ளக்இன் பெயரை எழுதினால் போதும், வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இருந்தது. போஸ்ட்டுக்குள்ளேயே பிஎச்பி எழுதி ஓட்ட ஒரு ப்ளக்இன். கோடு ஃபைலில் இல்லை, டேட்டாபேஸில் இருக்கிறது, ஃபைல்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டிலும் இருக்காது. தள்ளுபடி எங்கிருந்து கழிகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு நாலு மணி நேரம் ஆனது. எடிட்டர் லாகின் ஒன்று திருடு போனால் சர்வரே போய்விடும். இந்த மாதிரி வசதியை, வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலின் ஆட்கள் 2015-இல் எட்டாம் பதிப்பிலேயே மையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். நாம் மட்டும் தேடிப் பிடித்து இன்ஸ்டால் பண்ணுகிறோம்.

கணக்கு எல்லாவற்றையும் ப்ளக்இன்னுக்கு மாற்றி, சைட் திரும்ப வரும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அப்புறம்தான் இதையும் பார்த்தேன். 2019-இல் வந்த 5.2-ஆம் பதிப்பிலிருந்து, இப்படி உடைந்தால் வேர்ட்பிரஸே அட்மின் ஈமெயிலுக்கு, எந்தத் தீம், எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லி, உள்ளே போய்ச் சரிசெய்ய ஒரு லிங்க்கும் அனுப்பும். இந்தக் கடைக்கான மெயிலும் போய்த்தான் இருக்கிறது. அட்மின் ஈமெயில் இன்னும் இதை எழுதியவருடையது. மூன்று வருஷத்தில் அதையாவது மாற்றிக் கொடுத்திருக்கக் கூடாதா ஐயா?