ஃபார் லூப்பில் ++ஐ போட்டால் எண்ணிக்கை 1-இல் தொடங்குமா?

ஃபார் லூப் என்பது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு; ஐ++, ++ஐ இரண்டும் ஐ என்ற எண்ணில் ஒன்றைக் கூட்டும். மேலே ஒருவர், 'ஃபார் லூப்பில் ஐ++ போட்டால் எண்ணிக்கை 0-இல் தொடங்கும், ++ஐ போட்டால் 1-இல் தொடங்கும்' என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்வதால் சொல்கிறேன்: சி நிரல் மொழியில் அப்படி நடப்பதில்லை. இரண்டும் 0-இல்தான் தொடங்கும்.

லூப்பின் அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகள் உண்டு. தொடக்க மதிப்பைத் தரும் முதல் பகுதி ஒரே ஒருமுறை ஓடும். அப்புறம் நிபந்தனை. அது சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் வரிகள் ஓடும். மூன்றாம் பகுதியான ஐ++ அல்லது ++ஐ, ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிகள் முடிந்த பிறகுதான் வரும். ஐ++ கூட்டுவதற்கு முந்தைய மதிப்பைத் தரும், ++ஐ கூட்டிய பிந்தைய மதிப்பைத் தரும்; ஆனால் இங்கே அந்த மதிப்பை யாரும் பயன்படுத்துவதும் இல்லை. சி மொழியின் விதிகளைத் தரும் சி11 தரநிலையின் 6.8.5.3 பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

சோதிக்க, ஐ = 0; ஐ < 5 என்று வைத்து, இரண்டு விதமாகவும் பிரின்ட்எஃப் (திரையில் அச்சிடும் கட்டளை) போட்டு ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் 0, 1, 2, 3, 4 வரும். ஜிசிசி என்ற கம்பைலரில் அசெம்பிளியை (அது உருவாக்கும் இயந்திரக் கட்டளைகளை) எடுத்து ஒப்பிட்டாலும் ஒன்றாகவே இருக்கும்.

குழப்பம் வைல் லூப்பிலிருந்து (அடைப்புக்குறிக்குள் நிபந்தனை மட்டுமே உள்ள லூப்) வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே மதிப்பு நிபந்தனைக்குள்ளேயே பயன்படுவதால் வித்தியாசம் உண்மையிலேயே உண்டு: 0-இல் தொடங்கி, வைல் (ஐ++ < 5) ஐந்து முறை சுற்றும், வைல் (++ஐ < 5) நான்கே முறை. இதையும் அதே புரோகிராமில் சேர்த்து ஓட்டிவிடலாம்.