பறவை போலீஸின் பொங்கல் லீவு

சரி, நீங்கள் பட்டம் கொடுத்தபடி நான் பறவை போலீஸ்தான். நீங்கள் போட்ட ஆறுமணிக்குருவிப் படத்தின் கீழே நான் எழுதியதற்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். பொங்கலுக்கு ஊரில் இருந்ததால் உடனே எழுதவில்லை. 'ஆள் ஓடிவிட்டார்' என்று சிலர் கொண்டாடியிருக்கிறீர்கள். நல்லது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. புதருக்குள் ஸ்பீக்கரை ஒளித்து வைத்து, ஆறுமணிக்குருவியின் குரலை அரைமணி நேரம் ஓடவிட்டு (இதற்குப் பெயர்தான் 'பிளேபேக்') எடுத்த படத்துக்குக் 'காத்திருப்பின் பரிசு' என்று ஏன் தலைப்பு? யார் காத்திருந்தது?

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வருகிற பறவை. எடை ஐம்பது, அறுபது கிராம். வந்த இடத்தில் தனக்கென்று ஒரு எல்லை பிடித்துக்கொண்டு தனியாக இருக்கும். அதற்குள் இன்னொன்றின் குரல் கேட்டால் இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவரும். உங்களுக்குப் போஸ் கொடுக்க வரவில்லை ஐயா, சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் எதிரி இல்லை, எட்டு கேமரா.

'ஆராய்ச்சியாளர்களும் ஒலிக்க விடுகிறார்களே?' விடுகிறார்கள், கணக்கெடுக்க. லைக் வாங்க இல்லை. 'நீ செய்ததே இல்லையா?' ஒருமுறை செய்தேன், லென்ஸ் வாங்கிய புதிதில், கூட வந்த வழிகாட்டி சொல்லி. அது வேறு. 'மரம் வெட்டுகிறவனைப் போய்க் கேள்' என்றீர்களே, கேட்டேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைப் பதிவாகப் போட்டபோது உங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் கிணற்றடி மாமரத்துக்குக் கீழேயும் ஒன்று வந்திருந்தது. போகிக்கு முந்தின நாள் அம்மா விளக்குமாற்றோடு கிளம்பினார். அந்தச் சருகைப் புரட்டித்தான் அது புழு பூச்சி பொறுக்குகிறது என்றேன். "குருவிக்குன்னு குப்பை சேர்க்கிற வீடு நம்ம வீடுதான்டா" என்று முனகிக்கொண்டே கிணற்றடியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினார். நான்கு நாள், காலையும் மாலையும், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொசுக்கடி. ஆறு மணிக்கு விசில் மட்டும் கேட்கும், ஆள் வராது. வந்தாலும் வெளிச்சம் இருக்காது. கேமராவின் ஒளியுணர்வை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றியும் மொத்தம் மூன்று படம், அதுவும் புள்ளி புள்ளியாக, 'நாய்ஸ்' என்பார்களே, அப்படி. ஒன்றில் சருகுதான் தெளிவாக இருக்கிறது. இன்னொன்றில் அடிவயிற்றுச் சிவப்பு மட்டும். மூன்றாவதைப் போட்டேன். முதல் கருத்து: 'நாய்ஸ் ஜாஸ்தி ப்ரோ, பிளேபேக் போட்டிருக்கலாம்.'

பொறாமையாம். ஆமாம், கொஞ்சம் பொறாமைதான். உங்கள் படத்தில் இறகு இறகாக எண்ணலாம். என் படத்தில் பறவை எது, மாவிலை எது என்று நானே காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் என் குருவி தானாக வந்தது. திரும்பவும் சொல்கிறேன், தானாக வந்தது. நான் அங்கே இருப்பதே தெரியாமல் இரண்டு நிமிடம் சருகு புரட்டிவிட்டு, தானாகப் போனது. இதை எந்தப் போட்டிக்கு அனுப்புவது?

நேற்று சாயங்காலம் அம்மா போன் செய்தார். "இரு, உன் ஆளு கூப்பிடுது, கேளு" என்று போனைக் கிணற்றடிப் பக்கம் நீட்டினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததுதான் கேட்டது.