யாழ்ப்பாணத்தின் 1.21 வீதமும் உக்ரைனில் காணாமற்போன ஒரு சீட்டும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை அங்கிருந்த எல்லோரும் அறிவீர்கள். தேர்தல் என்பதே நாடகம், 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களிக்காமல் விட்டதே நாம் எடுத்த தெளிவான முடிவு, வெளிநாட்டுத் தேர்தல்களைக் கண்காணிக்கப் போகிறவர்கள் பிறர் காசில் ஊர் சுற்றுகிறவர்கள் என்று மேடையில் பேசிய அண்ணர் ஒருவர் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்தால் குரல் நடுங்கும் என்று தெரிந்ததால் பேசவில்லை.

காசு விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச் 31 உக்ரைன் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கனடாவில் இருந்து சென்ற தன்னார்வக் கண்காணிப்பாளர்களில் நானும் ஒருவன். பயணச் செலவும் தங்குமிடமும் படியும் தந்தார்கள், சம்பளம் இல்லை. என் வருடாந்த விடுமுறையைக் கொடுத்துப் போனேன்.

அங்கே பார்த்ததுதான் முக்கியம். 2014 முதல் கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த நாடு அது. கிரிமியாவிலும் டொன்பாஸின் ஒரு பகுதியிலும் வாக்களிப்பே நடத்த முடியாத நிலை. வாக்குச் சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. விரித்துப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் நாங்கள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கையைப் பார்க்க நின்றோம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பயன்படுத்தாத சீட்டுகளை எண்ணி, வெட்டிச் செல்லாதவையாக்கி, பொதி கட்டினார்கள். அதன் பிறகுதான் பெட்டி. ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டிப் பெயரை உரக்க வாசித்தார்கள். முகவர்கள் தங்கள் தாள்களில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கடைசியில் கணக்கில் ஒரு சீட்டு குறைந்தது.

ஒன்றுதானே என்று அங்கே எவரும் சொல்லவில்லை. பகல் முழுவதும் நின்று கால் வீங்கியிருந்த ஆசிரியைகள், நள்ளிரவு தாண்டிய பின்னர், கட்டிய கட்டுகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். நாங்கள் வாய் திறக்கக் கூடாது, உதவக் கூடாது, பார்த்ததைப் படிவத்தில் எழுத மட்டுமே அனுமதி. வேறொரு வேட்பாளரின் கட்டுக்குள் ஒட்டியிருந்த அந்தச் சீட்டு கிடைத்தபோது, எதிரெதிர் வேட்பாளர்களின் முகவர்கள் இருவரும் சேர்ந்தே பெருமூச்சு விட்டார்கள். பெறுபேற்றுத் தாளின் பிரதி ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது. அரசியல் என்றால் தலைவர்களும் கொள்கைகளும் உரைகளும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் சீட்டை ஒரு மணி நேரம் தேடுவதும் அரசியல் என்று அன்றுதான் விளங்கியது.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். 2005 நவம்பர் 17 அன்று யாழ் மாவட்டத்தில் பதிவு பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். வாக்களித்தவர்கள் 1.21 வீதம். நாடு முழுவதற்குமான வெற்றி வித்தியாசம் 180,786 வாக்குகள். அந்த வாக்குகள் விழுந்திருந்தால் இலங்கையில் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. நான் கேட்பது வேறு. புறக்கணிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்த எண்ணிக்கையில், தாமாக விரும்பி வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், பயத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் தன் வாக்கைப் போடாமல் விடுவது அவருடைய உரிமை. பக்கத்து வீட்டுக்காரரின் வாக்கையும் சேர்த்து முடிவெடுப்பது உரிமை ஆகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் எங்கள் வாக்குப் பெட்டிகளே காணாமற்போயினவே என்று கேட்பீர்கள். போயின. அப்படி நடந்ததால்தான் பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்கிறேன். பெட்டி திருடப்பட்டது என்பதற்காகப் பெட்டியே வேண்டாம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கண்காணிப்பாளர்களும் பிழை விட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. இது கனமானது. 2017 ஓகஸ்டில் கென்யாவில் வாக்களிப்பு பொதுவாக நன்றாக நடந்தது என்று சர்வதேசக் குழுக்கள் சொல்லி மூன்றே வாரங்களில், செப்டம்பர் 1 அன்று, அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்றது. சாவடியைப் பார்த்தவர்கள், பெறுபேறுகள் தலைநகருக்குப் போன வழியை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் தீர்ப்பளிக்க முடிந்தது, யாரோ படிவங்களை வைத்திருந்ததால்தான்.

நாங்கள் வெள்ளைக்காரருக்குச் சேவகம் செய்யப் போனோம் என்று பின் வரிசையில் இருந்து வந்த குரலுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது வலித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2005இல் நான் ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, ஏன் வாக்களிக்கக் கூடாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். மாமி "ஓம், ஓம்" என்று மட்டுமே சொன்னார். அவர் என்னோடு உடன்படுகிறார் என்று பதினான்கு வருடங்கள் நம்பியிருந்தேன். உக்ரைனில் இருந்து திரும்பிய அடுத்த வாரம் மறுபடி எடுத்து, அன்று உண்மையில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அன்று காலையில் குளித்து, சேலை உடுத்தி, வாக்காளர் அட்டையையும் கையில் எடுத்து, படலை வரை போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ என்னட்ட ஒண்டும் கேக்கேல்லையே, தம்பி."