கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது

(தென்கொரியா, அன்சான் நகரம், வொங்கொக்-தொங். பல நாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதி. யாழ்ப்பாணத்து இருவர் தங்கியிருக்கும் சின்ன அறை. சனிக்கிழமை இரவு. ஞாயிறு கொரிய மொழி வகுப்புக்குச் சீலன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். ராசன் பழைய ஆள், இடுப்பு வலிக்காரர்.)

சீலன்: அண்ணை, நேற்று சாஜங், எங்கள் முதலாளி, ஏன் என்னை அப்படிப் பேசினார்? பஸ்ஸில் இருக்கும்போது போன் எடுத்து எங்கே என்று கேட்டார். 'வா இஸ்ஸொயோ' என்றேன்.

ராசன்: நாசம். 'வந்து நிற்கிறேன்' என்றல்லவா சொல்லியிருக்கிறாய்! மனுசன் உன்னைத் தேடிக் கழிப்பறைக் கதவைக் கூடத் தட்டினார்.

சீலன்: எங்கள் 'வா' மாதிரியே இருக்கிறதே என்று நம்பிவிட்டேன்.

ராசன்: வினைச்சொல்லோடு 'கோ இஸ்ஸொ' சேர்ந்தால் காரியம் நடந்துகொண்டிருக்கிறது. 'ஆ இஸ்ஸொ', 'ஒ இஸ்ஸொ' சேர்ந்தால் காரியம் முடிந்து, அந்த நிலை அப்படியே நிற்கிறது.

சீலன்: அப்போ 'ஓகோ இஸ்ஸொயோ' என்றிருக்க வேண்டும்.

ராசன்: ஓகோவும் இல்லை, ஆகாவும் இல்லை. முதலாளி இருக்கும் இடத்துக்கு நீ போகிறாய். கொரிய மொழியில் அது 'காகோ இஸ்ஸொயோ'.

சீலன்: வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதா?

ராசன்: ஓம். போர்வைக்குள் கிடந்தபடி சொன்னாலும் அதேதான். சரி, இங்கே பார். (பாயில் சாய்கிறார். பாதி வழியில் நிறுத்துகிறார்.) இது 'நுப்கோ இஸ்ஸொ'. படுக்கப் போகிறேன், இன்னும் முதுகு பாயில் படவில்லை.

சீலன்: அப்படியே இருங்கோ, எழுதிக்கொள்கிறேன். 'நுப்' எப்படி எழுதுவது?

ராசன்: டேய், இடுப்பு!

சீலன்: ஒரு நிமிசம் அண்ணை, பேனை வேலை செய்யவில்லை.

ராசன்: (தொப்பென்று விழுகிறார்.) இது 'நுவோ இஸ்ஸொ'. படுத்து, இருக்கிறேன். தமிழைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தது போல இல்லையா? இனி நாளைக் காலைவரை இதே நிலைதான்.

சீலன்: அப்போ சட்டை போட்டிருக்கிறேன் என்பதற்கு 'இபொ இஸ்ஸொ' வருமா?

ராசன்: வராது. சட்டையை, சாப்பாட்டை என்று 'ஐ' போட்டு வருகிற வினைகளுக்கு இந்த 'ஒ இஸ்ஸொ' பெரும்பாலும் ஒட்டாது. 'இப்கோ இஸ்ஸொ'தான். போட்டுக்கொண்டிருந்தாலும் அதுதான், போட்டு முடித்தாலும் அதுதான்.

சீலன்: ஒரு விதி சொல்லி மூச்சு விடுவதற்குள் விதிவிலக்கா? சரி, இன்னொன்று. போன கிழமை சூப்பர்வைசர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகி, அந்த நிலை தொடர்கிறது தானே? 'கியொரொன் ஹகோ இஸ்ஸொயோ' என்றேன்.

ராசன்: அவர் என்ன செய்தார்?

சீலன்: மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் கையுறையைப் பார்த்தார்.

ராசன்: பார்க்காமல்? தாலி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னவன் கையில் ஸ்பானர்!

சீலன்: பிறகு எப்படிச் சொல்வது?

ராசன்: 'கியொரொன் ஹெஸ்ஸொயோ'. கல்யாணம் கட்டினேன். நேற்றுக் கட்டியிருந்தாலும் சரி, இருபது வருசத்துக்கு முன் கட்டி இன்னும் குடும்பம் நடத்தினாலும் சரி, இறந்தகாலம்தான்.

சீலன்: அனுபவசாலிகள் எழுதிய இலக்கணம்.

ராசன்: உன் மனுசி சாவகச்சேரியில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் பேசுகிறாய். (மூக்கைச் சுளிக்கிறார்.) டேய், 'தாகோ இஸ்ஸொ'!

சீலன்: இது தெரியும்! 'தா' என்றால் வாகனத்தில் ஏறுவது. ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. எது அண்ணை?

ராசன்: பருப்பு!

சீலன்: பருப்பு எங்கே போகிறது?

ராசன்: எரிவதற்கும் அதே 'தா'தானடா! அடுப்பை நிறுத்து!

(சீலன் ஓடுகிறான். சட்டியைத் திறந்து பார்க்கிறான்.)

சீலன்: அண்ணை, 'கோ இஸ்ஸொ' எல்லாம் தாண்டிவிட்டது. 'தாஸ்ஸொயோ'. சுத்தமான இறந்தகாலம்.

ராசன்: ராம்யொன் நூடுல்ஸ் ஏதாவது கிடக்கிறதா?

சீலன்: இரண்டு பாக்கெட்டு 'நாமா இஸ்ஸொயோ'. மிஞ்சி, இருக்கிறது. இது சரிதானே?

ராசன்: நூற்றுக்கு நூறு. தண்ணீரை வை. இந்த முறை அடுப்படியிலேயே நின்று படி.